பூவரசுக்கு யார் உறவு?

பூவரசின் இலையையும் அரசின் இலையையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரியும். இரண்டுக்கும் இதய வடிவம், நீண்ட காம்பு, கூரிய நுனி. அரசுக்கு மட்டும் அந்த நுனி வால்போல நீண்டிருக்கும். ஆல், அரசு, அத்தி, பூவரசு, வெண்டை, செம்பருத்தி, பருத்தி ஆகிய ஏழின் இலைகளை ஒரு மாணவர் குழுவிடம் கொடுத்து, எது எதற்கு உறவு என்று பார்த்துப் பிரிக்கச் சொன்னால், பூவரசை அரசோடு சேர்ப்பதுதான் இயல்பு. அடுத்து, இலைக்காம்பை ஒடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆல், அரசு, அத்தி மூன்றிலும் பால் வடியும், பூவரசில் வடியாது. பிறகு பூவைக் கையில் கொடுக்க வேண்டும். பூவரசம்பூ காலையில் இளமஞ்சளாக விரிகிறது, அடியில் கருஞ்சிவப்புத் திட்டு. பொழுது சாய்வதற்குள் செந்நிறம் ஏறி வாடிவிடுகிறது. இதழ்களை விலக்கினால் மகரந்தத்தாள்கள் தனித்தனியாக நிற்பதில்லை என்பது தெரியும். அவை அடியிலிருந்து ஒன்றாக இணைந்து ஒரு குழலாகி, சூல்தண்டைச் சுற்றிக்கொண்டு எழுகின்றன. வெண்டைப்பூவைப் பிரித்தாலும் பருத்திப்பூவைப் பிரித்தாலும் அதே குழல். செம்பருத்தியில் அது பூவைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பிரிக்கவே வேண்டாம். அரசமரத்துக்கோ பூவே வெளியில் தெரியாது. நாம் பழம் என்று சொல்லும் அந்தச் சிறு உருண்டைக்குள்தான் அதன் பூக்கள் அத்தனையும் அடைந்து கிடக்கின்றன.

இப்போது மேசைமேல் இரண்டு வகைப்பாடுகள் இருக்கின்றன. இலையை நம்பினால் பூவரசு அரசோடு சேரும், பூவை நம்பினால் வெண்டையோடு சேரும். எது சரி என்று ஆசிரியர் சொல்லிவிடுவதற்கு முன்பு மாணவர்கள் முன் வைக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிரிக்கும்போது நாம் பார்க்காத பண்புகளையும் முன்கூட்டிச் சொல்லும் குழு எது? இலையால் கூட்டிய குழு வேறெதையும் சொல்வதில்லை. காம்பை ஒடித்த உடனேயே அது கலைந்துபோகிறது. பூவால் கூட்டிய குழு நிறையச் சொல்கிறது. வெண்டைக்காயின் வழவழப்பு செம்பருத்தி இலையைக் கசக்கினாலும் கையில் ஒட்டும். பூவரசின் பட்டையிலிருந்து உறுதியான நார் உரிக்கலாம். இதே குடும்பத்துப் புளிச்சைச் செடியின் தண்டிலிருந்தும் உரிக்கலாம். பருத்தி விதையில் காசிப்பால் என்றொரு மஞ்சள் நிற வேதிப்பொருள் இருக்கிறது. அதே பொருள் பூவரசிலும் இருக்கிறது. மகரந்தத்தாளைப் பார்த்துச் செடிகளைப் பிரித்தவருக்கு இந்த வேதிப்பொருளைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இருந்தும் பூவும் நாரும் வேதியியலும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. தாவரவியலார் இந்தச் செடிகள் எல்லாவற்றையும் மால்வேசி குடும்பத்தில் வைத்து, அதற்குள்ளும் பூவரசைப் பருத்திக்கு மிக நெருங்கிய உறவாகக் கருதுவது இப்படிப் பல சான்றுகள் ஒத்துப்போவதால்தான்.

இந்த அத்தியாயத்தின் வாதம் இங்கிருந்து தொடங்குகிறது. உயிரின வகைப்பாடு என்பது சான்றுகளை வைத்துச் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கருத்து. நமது பள்ளிகளில் அது பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாகவே போய்ச் சேருகிறது. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற ஏழு படிகள். ஒவ்வொரு தொகுதிக்கும் நான்கு பண்புகள், இரண்டு எடுத்துக்காட்டுகள். பக்கத்தில் ஒரு பொருத்துக வினா. இப்படிப் படித்த மாணவருக்கு நட்சத்திரமீன் முட்தோலிகளைச் சேர்ந்தது என்பது தெரியும். ஏன் அப்படிச் சொல்கிறார்கள், வேறு எங்கே வைத்திருக்கலாம், அங்கே வைத்தால் எந்தச் சான்று இடிக்கும் என்பவை தெரியாது. விடை தெரிந்து கேள்வி தெரியாத நிலை இது. எந்த வகைப்பாடும் யாரோ ஒருவர் எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த விடை என்பதால், அந்தக் கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்குவதே முறை.

கேள்வி எப்படி வளர்ந்தது என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஸ்வீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். பெரும்பாலான வகுப்புகளுக்கு அடிப்படை, பூவில் மகரந்தத்தாள்கள் எத்தனை, அவை எப்படி அமைந்திருக்கின்றன என்பதுதான். எண்ணத் தெரிந்த எவரும் ஒரு செடியை உரிய இடத்தில் சேர்க்கலாம் என்பதால் அது வேகமாகப் பரவியது. அதன் விளைவையும் பார்க்க வேண்டும். புளியம்பூவில் சிவப்புக் கோடு ஓடிய மஞ்சள் இதழ்கள் மூன்று பெரிதாக இருக்கும், மீதி இரண்டும் குறுகிப்போயிருக்கும். வளமான மகரந்தத்தாள்கள் மூன்றே மூன்று. கரும்பின் சிறு பூவிலும் மூன்று. ஆகவே லின்னேயஸின் முறையில் புளியும் கரும்பும் ஒரே வகுப்பு. நெற்பூவில் ஆறு மகரந்தத்தாள்கள். வெங்காயப் பூவிலும் ஆறு. ஆகவே நெல்லும் வெங்காயமும் ஒரே வகுப்பு. கணுவும் தோகையும் கதிருமாகக் கண்ணுக்கு முன்னே உறவு சொல்லி நிற்கும் நெல்லும் கரும்பும் வெவ்வேறு வகுப்புகளில் பிரிந்துபோயின. அவரைக்காய்போல நெற்று விடும் புளி, தன் இனத்தை விட்டுக் கரும்போடு போய்ச் சேர்ந்தது. இது வசதிக்காகச் செய்த செயற்கையான முறை என்பதை லின்னேயஸே அறிந்திருந்தார். இயற்கையான முறை ஒன்றின் துண்டுகளையும் அவர் தனியே தொகுத்து வந்தார். ஒற்றைப் பண்பைப் பிடித்துக்கொண்டால் குழுக்கள் குலையும், பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்தால் குழுக்கள் நிலைக்கும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட, ஒரு நெற்கதிரையும் ஒரு வெங்காயப் பூக்கொத்தையும் கையில் கொடுத்து எண்ணச் சொல்வது எளிது.

பல பண்புகள் ஏன் ஒன்றாகவே சேர்ந்து வருகின்றன? லின்னேயஸ் காலத்தில் இதற்கு விடை இல்லை. 1859இல் சார்லஸ் டார்வின் விடை சொன்னார். ஒரு குழுவின் உறுப்பினர்கள் பொது மூதாதை ஒன்றிலிருந்து வந்தவர்கள். அந்த மூதாதையின் பண்புகள் வழிவழியாக இறங்கியதால்தான் அவை கூட்டமாகக் காணக் கிடைக்கின்றன. அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இருந்த ஒரே படம், கிளைபிரியும் ஒரு மரவரைபடம். அன்றிலிருந்து வகைப்பாடு ஒரு வரலாற்றுக் கூற்றாக ஆகிவிட்டது. வரலாற்றுக் கூற்றுக்குச் சான்று தேட முடியும். திமிங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். 1735இல் லின்னேயஸ் அதை மீன்களோடு வைத்தார். 1758இல் பாலூட்டிகளோடு சேர்த்தார். பாலூட்டிகளுக்குள் அதற்கு யார் நெருங்கிய உறவு என்ற கேள்வி அதன்பின் நெடுங்காலம் தீராமல் இருந்தது. 1990களில் டி.என்.ஏ. ஆய்வுகள், மாடு, மான், பன்றி போன்ற இரட்டைக்குளம்பிகளின் கூட்டத்தில், அதிலும் நீர்யானைக்குப் பக்கத்தில் அதை வைத்தன. அது உண்மையானால், கால் இருந்த காலத்துப் பழைய திமிங்கிலங்களின் கணுக்காலில் இரட்டைக்குளம்பிகளுக்கே உரிய, இருபுறமும் கப்பிபோலப் பள்ளமிட்ட எலும்பு இருந்தாக வேண்டும். பாகிஸ்தானில் கிடைத்த புதைபடிவங்களில் அந்த எலும்பு இருந்தது என்று 2001இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2007இல் இன்னொரு சான்று வந்தது. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதிப் பாறைகளில் கிடைத்த இந்தோஹையஸ் என்னும் சிறு குளம்பு விலங்கின் காது எலும்பில், திமிங்கிலங்களுக்கே உரியது என்று கருதப்பட்ட தடிப்பு காணப்பட்டது. மரபணு சொன்னதைக் கணுக்காலும் காதும் வந்து உறுதிசெய்தன. ஒரு வகைப்பாடு சோதனையில் தேறுவது என்றால் இதுதான்.

இந்த வரலாற்றுப் பார்வை இல்லாமல் வகைப்பாட்டைக் கற்பிக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்குப் பாடநூல்களிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஊர்வனவற்றின் இதயத்துக்கு மூன்று அறைகள். முதலை மட்டும் விதிவிலக்கு, அதற்கு நான்கு அறைகள். ஒரு மதிப்பெண் வினாவாகத் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படும் செய்தி இது. மாணவர் விதிவிலக்கை மனப்பாடம் செய்கிறார், அத்தோடு விஷயம் முடிகிறது. ஆனால் அது விதிவிலக்கு என்ற பெயரில் ஒளிந்திருக்கும் சான்று. முதலைக்கும் பறவைக்கும் பொதுவான மூதாதை, முதலைக்கும் பல்லிக்கும் பொதுவான மூதாதையைவிடப் பிந்தியது. உறவுமுறையில் முதலை, பல்லியைவிடப் புறாவுக்கு நெருக்கம். பறவைகளுக்கும் நான்கு அறை இதயம் இருப்பதும், முதலை கூடு அமைத்து முட்டையைக் காவல் காத்துக் குஞ்சுகளைப் பேணுவதும் இந்த உறவோடு பொருந்துகின்றன. பாலூட்டிகளுக்கும் நான்கு அறைகள்தானே என்று ஒரு மாணவர் கேட்டால், அது அருமையான கேள்வி. மற்றப் பண்புகளோடு வைத்துப் பார்க்கும்போது பாலூட்டிகளின் கிளை அதைத் தனியாகவே பெற்றது என்று தெரிகிறது. ஒரே பண்பு இரு வழிகளில் வரலாம் என்பதால்தான் ஒற்றைப் பண்பை நம்பக்கூடாது என்ற பாடம் இங்கே மீண்டும் உறுதியாகிறது. பட்டியலில் ஒட்டாமல் துருத்திக்கொண்டிருந்த ஒரு செய்தி, மரவரைபடத்தில் வைத்ததும் விளக்கமாக மாறிவிடுகிறது.

அப்படியானால் பாடத்தின் வரிசை மாற வேண்டும். குழந்தைகள் வகுப்புக்கு வெறும் கையோடு வருவதில்லை. தமக்கென்று ஒரு வகைப்பாட்டோடுதான் வருகிறார்கள். நியூசிலாந்தில் பெவர்லி பெல் 1981இல் வெளியிட்ட ஆய்வு, விலங்கு என்றால் நான்கு கால், பெரிய உடல், தரையில் வாழ்வது என்றே பல மாணவர்கள் எண்ணுவதைக் காட்டியது. சிலந்தியையும் மண்புழுவையும், ஏன் மனிதனையும் விலங்கென்று ஏற்க அவர்கள் தயங்கினார்கள். அந்த முன்கருத்தை வெளியே எடுத்து மேசைமேல் வைக்காமல், அதன்மேல் தொகுதிப் பெயர்களை அடுக்கினால் இரண்டும் தனித்தனியாகவே மனதில் தங்கிவிடும்: ஒன்று தேர்வுக்கு, மற்றொன்று வாழ்க்கைக்கு. முதலில் மாணவரே பிரிக்கட்டும். இரண்டாவது பண்பைக் கொண்டு அந்தப் பிரிவைச் சோதிக்கட்டும். சோதனையில் நிற்கும் குழுவுக்கு அறிவியல் வைத்திருக்கும் பெயரை அதன்பின் அறியட்டும்.

தமிழ் மாணவருக்கு இதில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலன்களின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்துகிறது. அதே இயல், உள்ளே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் வெளிப்புறம் வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. பனை, தென்னை, மூங்கில் ஆகியவற்றின் தண்டு வெளியே கெட்டியாகவும் உள்ளே சோறாகவோ பொள்ளலாகவோ இருப்பதைப் பார்த்துச் செய்த பிரிவு இது. ஒருவிதையிலைத் தாவரங்கள் என்று இன்று நாம் சொல்லும் குழுவோடு இது பெருமளவு ஒத்துப்போகிறது. காரணம், அந்தத் தாவரங்களில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் தண்டெங்கும் சிதறி, வெளிப்புறத்தில் நெருக்கமாக அமைந்திருப்பது. புலன்களை எண்ணி அடுக்கிய வரிசையோ இன்றைய உறவுமுறையோடு பொருந்தவில்லை. உயிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டில் நிற்கவில்லை. கிளைகளாகப் பிரிந்து போயிருக்கின்றன. எறும்பு நத்தைக்கு மேலும் இல்லை, நண்டுக்குக் கீழும் இல்லை. பழைய நூலைப் போற்றுவதற்கும் தள்ளுவதற்கும் அப்பால், அதில் எந்தப் பிரிவு சான்றுக்கு நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் வாதிட முடிந்தால், அவர் வகைப்பாட்டியலைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று தயங்காமல் சொல்லலாம்.

இதற்கு எதிராக எழும் வாதங்கள் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. முதலாவது, தேர்வு. நீட் தேர்வு பெயர்களைக் கேட்கிறது, எடுத்துக்காட்டுகளைக் கேட்கிறது. இலைகளை ஒடித்துக்கொண்டிருக்க நேரம் ஏது என்று பெற்றோரும் ஆசிரியரும் கேட்பது நியாயமே. ஆனால் நினைவில் நிற்பதற்கும் காரணம்தான் துணை. முதுகெலும்பு உள்ளவற்றுக்குள் நான்கு கால் வழியினர், அவர்களுக்குள் பாலூட்டிகள், அவர்களுக்குள் திமிங்கிலம் என்று ஒரு மாணவர் உள்ளடுக்காகக் கண்டுவிட்டால், திமிங்கிலத்துக்கு நுரையீரல் உண்டா, அதன் குட்டி பால் குடிக்குமா, அதன் துடுப்புக்குள் கை எலும்புகள் இருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் மனப்பாடம் செய்யாமலே விடை சொல்வார். பட்டியலாகப் படித்தவர் அந்த மூன்றையும் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டும். பெயர்களும் வேண்டும், மறுப்பதற்கில்லை. லின்னேயஸிடம் பயின்ற கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து இந்தப் பக்கத்துச் செடிகளைச் சேகரித்தபோது, அவற்றை ஐரோப்பாவில் இருந்தவர்கள் தங்களிடம் இருந்த செடிகளோடு ஒப்பிட முடிந்தது இருசொற்பெயர் என்ற பொதுமொழி இருந்ததால்தான். பெயர் உறவைக் கண்டபின் வரட்டும் என்பதே இங்கே சொல்லப்படுவது.

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. வகைப்பாடு மாறிக்கொண்டே இருக்கிறது. ராபர்ட் விட்டேக்கர் 1969இல் ஐந்து உலகங்கள் என்றார், கார்ல் வோஸும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் மூன்று பெரும்பிரிவுகள் என்றார்கள். மாறும் ஒன்றைக் குழந்தைகளிடம் மாறும் என்று சொன்னால் அறிவியலின் மேலேயே நம்பிக்கை போய்விடாதா? போகாது, எதனால் மாறியது என்பதையும் சேர்த்துச் சொன்னால். காளான்களை லின்னேயஸ் தாவரங்களில் வைத்தார். அவை உணவைத் தாமே தயாரிக்காமல் உறிஞ்சி வாழ்வதை முக்கியமாகக் கருதி, விட்டேக்கர் அவற்றுக்குத் தனி உலகம் கொடுத்தார். 1990களின் மரபணு ஆய்வுகள், பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருக்கம் என்று காட்டின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு புதிய சான்று இருக்கிறது. முந்தைய முறையால் விளக்க முடியாததை அடுத்தது விளக்குகிறது. பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து கண்டுபிடிப்பது பாக்டீரியாத் தொற்றுக்குக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம், பூஞ்சையின் செல் நம்முடைய செல்லுக்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான். பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் நம் செல்களில் இல்லை என்ற சிறிய வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே பல மருந்துகள் வேலை செய்கின்றன. மாறாத பட்டியலைவிடத் திருத்திக்கொள்ளும் வகைப்பாடே நம்பத்தகுந்தது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மாறுகிறது என்றால் எல்லாமே மனிதன் வகுத்த கற்பனைக் கோடுகள்தானா என்ற கேள்வி இதிலிருந்தே கிளைக்கும். இதில் பாதி உண்மை. குடும்பம், வரிசை, வகுப்பு என்ற படிநிலைகள் நம் வசதிக்காக வைத்தவை. ஒரு பூச்சிக் குடும்பமும் ஒரு பறவைக் குடும்பமும் எந்த அளவுகோலிலும் சமமானவை அல்ல. கிளைகள் அப்படியல்ல. எர்ன்ஸ்ட் மயர் 1928இல் நியூகினியின் ஆர்ஃபக் மலைகளில் பறவைகளைச் சேகரித்தபோது அவர் பிரித்தறிந்த சிற்றினங்கள் 137. அருங்காட்சியகம் எதையும் காணாத அந்த மலைவாழ் மக்கள் அவற்றுக்கு வைத்திருந்த பெயர்கள் 136. வெவ்வேறு தேவை கொண்ட இரு தரப்பினர் அநேகமாக ஒரே கோடுகளைக் கண்டார்கள் என்றால், அந்தக் கோடுகள் இயற்கையில் இருக்கின்றன. பெரிய கிளைகளுக்கும் அப்படி ஒரு சான்று உண்டு. 2003இல் மேற்குத்தொடர்ச்சி மலையில், கேரளத்தின் இடுக்கிப் பகுதியிலிருந்து ஊதாத்தவளை அறிவியலுக்கு அறிமுகமானது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்கு மட்டும் வெளியே வரும் இந்தத் தவளைக்கு நெருங்கிய உறவு, கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் வாழும் தவளைகள். இந்தியாவும் செஷல்ஸும் ஒரு காலத்தில் ஒரே நிலத்துண்டாக இருந்தன என்று புவியியல் சொல்வதோடு அந்த உறவு பொருந்துகிறது. வெறும் கற்பனைக் கோடு கண்டங்களின் நகர்வோடு பொருந்தி வராது.

மூன்றாவதாக, பொது மூதாதை, மரவரைபடம் எல்லாம் பள்ளி வயதுக்கு மிஞ்சியவை என்று சொல்லப்படுகிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த பாடம், பரிணாமத்தை இழந்து மரபுவழியாக மட்டும் 2023இல் சுருங்கியதும் பாடச்சுமையைக் குறைப்பது என்ற பெயரில்தான். சுமை குறையவில்லை என்பதே உண்மை. காரணத்தை எடுத்துவிட்டு விளைவுகளை மட்டும் வைத்தால், எஞ்சுவது அத்தனையும் மனப்பாடச் சுமைதான். தள்ளிப்போடுவதாலும் பயனில்லை. மரவரைபடத்தைத் தவறாகப் படிக்கும் பழக்கம் கல்லூரி மாணவர்களிடமும் இருப்பதை ஆய்வாளர்கள் 2005 வாக்கிலேயே சுட்டிக்காட்டினார்கள். நுனியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை உறவு என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். எந்த இடத்தில் கிளை பிரிந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த வாசிப்பு பழக்கத்தால் வருவது, பழக்கம் சீக்கிரம் தொடங்க வேண்டும். ஆறாம் வகுப்பில் இலைகளைப் பிரிப்பது, எட்டாம் வகுப்பில் இரண்டாவது பண்பால் சோதிப்பது, ஒன்பது பத்தில் அதை மரமாக வரைந்து பொது மூதாதையைக் குறிப்பது, பதினொன்றில் மரபணுச் சான்று என்று படிப்படியாகப் போனால் எந்த நிலையிலும் எட்டாத உயரம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, வசதி. ஐம்பது பேர் இருக்கும் வகுப்பு, ஆய்வகம் இல்லாத பள்ளி, நாற்பது நிமிடப் பாடவேளை. இவை உண்மையான தடைகள். ஆனால் வகைப்பாடு அளவுக்குச் செலவில்லாமல் செய்துபார்க்கக்கூடிய அறிவியல் பாடம் வேறு இல்லை. இலை, பூ, நெற்று, சமையலறைப் பருப்பு, கடற்கரைச் சிப்பி எல்லாம் கிடைப்பவையே. ஐந்து பேருக்கு ஒரு தட்டு, இரண்டு பாடவேளை போதும். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. மாணவர் தவறாகப் பிரிக்கும்போது உடனே திருத்தாமல், அடுத்த சான்றை மட்டும் எடுத்து வைக்கும் பொறுமை ஆசிரியருக்கு வேண்டும். அந்தப் பொறுமைக்குத் தேர்வுத்தாள் இடம்கொடுக்க வேண்டும். 'கீழ்க்கண்டவற்றில் முட்தோலி எது?' என்று கேட்கும் தாள், பெயரைத் தெரிந்தவருக்கு மதிப்பெண் தருகிறது. அறிமுகமில்லாத ஓர் உயிரியின் ஐந்து பண்புகளைக் கொடுத்து, 'இதை எங்கே வைப்பாய், எந்தப் புதிய சான்று கிடைத்தால் உன் விடையை மாற்றிக்கொள்வாய்?' என்று கேட்கும் தாள், காரணம் காட்டத் தெரிந்தவருக்கு மதிப்பெண் தரும். அந்த இரண்டாவது பாதி முக்கியமானது. எந்தச் சான்று தன்னை மாற்றும் என்று முன்கூட்டிச் சொல்லப் பழகிய மாணவர், உயிரியலுக்கு வெளியிலும், கேள்விப்படும் எந்தக் கூற்றையும் அதே கேள்வியோடு அணுகுவார். வகைப்பாட்டுப் பாடத்திற்குப் பள்ளியில் இடம் கேட்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.